லியரின் நெஞ்சும் சாமநாதுவின் பாயசமும்

நம் கத்தோலிக்க ஏடுகளில் முதுமையைப் பற்றி வெளிவரும் கதைகளைத் தொடர்ந்து படித்து வரும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அவற்றில் வரும் பாட்டிகள் அனைவரும் ஏறக்குறைய ஒரே பாட்டிதான். கையில் செபமாலை, முகத்தில் புன்னகை, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு புனிதர் வரலாறு, கடைசிப் பத்தியில் விளக்கு அணைவது போன்ற மரணம். தாத்தாக்கள் இரண்டு வகை: மகனால் கைவிடப்பட்டவர், மகனை மன்னித்தவர். இவர்களில் எவருக்கும் பயம் என்ற ஒன்று இருப்பதாக எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. நள்ளிரவில் விழித்தெழுந்து, விடிய இன்னும் எத்தனை நேரம் என்று அருகில் படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்கும் கிழவரை நம் எழுத்தாளர்கள் ஏனோ கதைக்குள் சேர்ப்பதில்லை. பங்குத் திருவிழா நாடகங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அங்கே கிழவர் இருமினாலே கூட்டம் சிரிக்கிறது.

எழுபது வயதைக் கடந்தவர்கள் தங்கள் மனக்கலக்கத்திற்கு எவ்வாறு துணை தேடுகிறார்கள் என்பதை உள்ளபடி காட்டிய படைப்புகள் மிகச் சில. அவற்றுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’, மற்றொன்று தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ என்னும் சிறுகதை. ஒன்று இங்கிலாந்தில் 1606-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அரசர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில் நடிக்கப்பட்ட அவலநாடகம். மற்றொன்று காவிரிக்கரைக் கல்யாண வீடொன்றில் நடக்கும் கதை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்துமா என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

லியரின் கதையைச் சுருக்கமாக அறிந்தவர்கள் நம்மில் பலர். மூன்று மகள்கள், என்னை யார் அதிகம் நேசிக்கிறீர்கள் என்ற கேள்வி, முகத்துதி செய்த மூத்தவர் இருவருக்கும் நாடு, உண்மை பேசிய கார்டிலியாவுக்கு நாடுகடத்தல். பிறகு அந்த இருவராலும் விரட்டப்பட்ட கிழவன் புயலில் அலைகிறான். பள்ளிக்கூடச் சுருக்கங்களும் நம் ஞாயிறு மறையுரைகளும் இதை நன்றிகெட்ட பிள்ளைகளின் கதையாக்கிவிட்டன. அகந்தை கொண்ட ஒரு மன்னன் வீழ்ந்த கதை என்பது கல்லூரி வகுப்பறையின் விளக்கம். இரண்டும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டுமே முதற்காட்சியில் லியர் உண்மையில் என்ன கேட்கிறான் என்பதைக் கவனிக்காமல் கடந்து போகின்றன.

அவன் சொல்லுவதைக் கேளுங்கள். அரச பாரங்களை இளையவர்களின் தோளில் இறக்கிவிட்டுச் சுமையின்றிச் சாவை நோக்கி நகர விரும்புகிறான். கார்டிலியாவைத் துரத்திய அதே மூச்சில், அவளுடைய பராமரிப்பில் தன் இறுதி நாள்களைக் கழிக்க எண்ணியிருந்ததையும் சொல்லிவிடுகிறான். ஆக, அந்தக் கிழவனின் உள்ளத்தில் இருந்த விருப்பம் எளியது: கடைசிக் காலத்தில் என்னை நீ வைத்துப் பார்த்துக்கொள்வாயா? ஆனால் அறுபது எழுபது ஆண்டுகள் ஆணையிட்டே பழகிய நாவிலிருந்து அந்தக் கேள்வி அந்த வடிவில் வரவில்லை. அது போட்டியாக வந்தது. பரிசு அறிவிப்போடு வந்தது. சபை நடுவே வந்தது. அச்சத்தை அதிகாரத்தின் உடையில் அனுப்பி வைத்தான். கார்டிலியா உடைக்குப் பதில் சொன்னாள். உள்ளே இருந்த ஆளை அவளும் காணவில்லை. உண்மை பேசியவள் என்பதற்காக அவளை நாம் புகழ்ந்து வந்திருக்கிறோம். அந்தப் புகழில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தந்தையின் மனம் எதற்கு நடுங்குகிறது என்பதை அறிந்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

மூத்தவர்களோ அறிந்துகொண்டார்கள் என்பதுதான் கொடுமை. முதற்காட்சி முடியும்போது கானரிலும் ரீகனும் தனியே பேசிக்கொள்கிறார்கள். இது வயதின் தளர்ச்சி என்கிறாள் ரீகன். அவர் எக்காலத்திலும் தம்மை அறிந்தவரல்லர் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். இதைவிடச் சரியான நோய்க்கணிப்பு நாடகம் முழுவதிலும் இல்லை. ஆனால் அந்தக் கணிப்பு எதற்குப் பயன்படுகிறது? அவரைக் கவனிப்பதற்கு அன்று. அவர் சொல்லுவதைக் கேட்க வேண்டியதில்லை என்று தீர்மானிப்பதற்கு. “அவருக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவார்” என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியம் ரீகனுடைய வாக்கியமே.

பின்னர் அந்தப் புகழ்பெற்ற கழித்தல் கணக்கு. லியர் தனக்கென வைத்துக்கொண்டது நூறு வீரர்கள். கானரில் அதை ஐம்பதாக்குகிறாள். ரீகன் இருபத்தைந்து போதும் என்கிறாள். பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று இறங்கி, ஒருவர்கூட எதற்கு என்பதில் வந்து நிற்கிறது கணக்கு. தேவை என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தால் மகள்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. வீட்டில் இத்தனை பணியாளர்கள் இருக்கையில் அவருக்குத் தனி ஆள் எதற்கு? லியரின் மறுமொழியோ வேறு தளத்திலிருந்து வருகிறது: தேவையை வைத்துக் கணக்கிடத் தொடங்கினால் மிகக் கீழான பிச்சைக்காரனிடம்கூட ஏதோ ஒன்று மிகையாக இருக்கும் என்கிறான். நம் ஊரில் இந்த நூறு வீரர்கள் பழைய இரும்புப் பெட்டியாக இருப்பார்கள். தூக்கி எறிய விடாத உடைந்த நாற்காலியாக, தலைமாட்டில் தாமே வைத்துக்கொள்ள விரும்பும் நூறு ரூபாய்த் தாளாக இருப்பார்கள். தேவையில்லை என்று நாம் எடுத்துவிடுகிறோம். அன்று இரவிலிருந்து அவர் தூங்குவதில்லை. ஏன் என்று நமக்குப் புரிவதில்லை.

இதே இடத்தில் ஷேக்ஸ்பியர் வைத்திருக்கும் ஒரு நுட்பம் என்னை எப்போதும் வியக்கச் செய்வது. தன் தூதனை மரத்தளையில் மாட்டி அவமதித்திருப்பதைக் கண்டதும் லியர், ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு ஏறுவதாகச் சொல்லி அதைக் கீழே இறங்கும்படி அதட்டுகிறான். அக்கால மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அது பெண்களுக்கு வரும் நோயென்று கருதப்பட்டது. மன்னன் தனக்குக் கவலை என்று சொல்லவில்லை, நெஞ்சடைக்கிறது என்கிறான். நம் பங்குகளில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் குருக்களும் கன்னியரும் இதைக் கேட்டிருப்பார்கள். வயிற்றில் ஏதோ உருளுகிறது, நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருக்கிறது, தலைக்குள் வண்டு பறக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லை என்றதும் வீட்டார் மகிழ்கிறார்கள். கிழவர் மட்டும் மகிழ்வதில்லை. தம் துயரைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே மொழி அது. அது செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. முதியோரின் மனச்சோர்வை அறிய யெசவேஜ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் முப்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தபோது, உடல் உபாதைகளைப் பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். முதிய உடலில் எது நோய், எது துயரம் என்று பிரித்தறிவது அரிது என்பது காரணம். அறிவியல் நோக்கில் அது சரியே. ஆனால் வீட்டில் அமர்ந்து கேட்பவர் அந்த உடல் உபாதைகளைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, லியர் தன் அச்சத்தை ஒருமுறையாவது வெளிப்படையாகச் சொன்னானா? சொன்னான். பைத்தியமாகிவிடுவேனோ என்று அஞ்சுவதை முதல் அங்கத்தின் இறுதியில் சொல்லிவிடுகிறான். யாரிடம்? மகள்களிடம் அன்று, அமைச்சரிடம் அன்று. அரண்மனைக் கோமாளியிடம். அவனோ தொடர்பில்லாத விடுகதைகளைப் போட்டுக்கொண்டிருக்கிறான்; அவற்றுக்கு நடுவே, கதவிடுக்கில் வெளிச்சம் விழுவதுபோல, அந்த ஒரு வேண்டுதல் வந்து விழுகிறது. தன்மேல் எந்த அதிகாரமும் இல்லாத ஒருவனிடம், தன்னை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியாத ஒருவனிடம் அதைச் சொல்ல முடிந்தது. மகளிடம் சொன்னால் மருத்துவமனை. மகனிடம் சொன்னால் முதியோர் இல்லம். குருவானவரிடம் சொன்னால் அவர் உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். பால் கொண்டுவரும் பெண்ணிடமும், கோயில் பிள்ளையிடமும், ஐந்து வயதுப் பேரனிடமும் அப்படி எதுவும் நேராது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்களுக்குத் திண்ணையில் அமர்த்திச் சொல்லப்படும் செய்திகள் ஏராளம். மாத்திரை கொடுக்க ஐந்து நிமிடம், மற்றதற்கு அரைமணி நேரம் என்று அவர்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நாடகத்தின் பின்னாளைய வரலாறும் நம் பொருளோடு தொடர்புடையது. 1681-இல் நேகம் டேட் என்பவர் அதைத் திருத்தி எழுதினார். கார்டிலியா சாகாமல் திருமணம் செய்துகொள்கிறாள். லியர் மீண்டும் அரசனாகிறான். அவையோர்க்கு அது பிடித்திருந்தது. அந்தத் திருத்தத்தில் கோமாளி அறவே நீக்கப்பட்டான். 1838-இல் மெக்ரீடி என்ற நடிகர் அவனை மீட்டு மேடையேற்றும்வரை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் லியர் தன் பயத்தைச் சொல்ல மேடையில் அவன் இல்லை. இன்னொன்றும் உண்டு. 1608-இல் அச்சான பதிப்பில் கார்டிலியாவோடு ஒரு மருத்துவர் வருகிறார். ஓய்வே இயற்கையின் செவிலி என்னும் பொருள்பட அவர் பேசுகிறார். லியர் கண்விழிக்கும்போது இசை ஒலிக்கச் செய்கிறார். தொலைந்துபோன நாள்களை இப்போது கிளறவேண்டாம் என்று மகளை எச்சரிக்கிறார். 1623 பதிப்பில் அந்த மருத்துவர் இல்லை. அவருடைய இடத்தில் பெயரில்லாத ஒரு கனவான் நிற்கிறார், இசையும் இல்லை. அச்சகத்தார் கைவரிசையோ ஆசிரியரே செய்த திருத்தமோ, அறிஞர்கள் இன்றும் வாதிடட்டும். கிழவனுக்குச் செவிகொடுத்தவர்களே முதலில் வெட்டுப்பட்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி ‘பாயசம்’. சாமநாது எழுபதைத் தாண்டியவர்; மனைவி வாலாம்பாள் இறந்துவிட்டாள். தம்மைவிட வாழ்வில் உயர்ந்துவிட்ட சுப்பராயன் வீட்டுத் திருமணம். ஊரே கூடியிருக்கிறது. விருந்துக்காகக் காய்ச்சி வைத்த அத்தனை பாயசத்தையும் இந்தக் கிழவர் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதில் எலி விழுந்திருந்தது என்று சொல்லிவிடுகிறார். கதை அவ்வளவே. பொறாமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளுள் ஒன்றாக இதைத் திறனாய்வாளர்கள் போற்றுவர். அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. கதை முழுவதும் சாமநாது யாருடன் பேசுகிறார்? இறந்துபோன மனைவியோடு. அவள் குரல் அவருக்குள் கண்டிக்கிறது, கேலி செய்கிறது, அவர் பதிலளிக்கிறார். கல்யாணக் கூட்டத்தில் உள்ள நூற்றுக்கணக்கான மனிதர்களில் அவர் மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லை. வணங்குகிறார்கள், உபசரிக்கிறார்கள், உட்காரச் சொல்லுகிறார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. லியருக்கு ஒரு கோமாளி இருந்தான்; சாமநாதுவுக்கு ஆவி உலகத்திலிருந்து ஒரு குரல் மட்டுமே. அந்த அண்டாவைச் சாய்த்த கைகளில் பொறாமை இருந்தது. தாம் இல்லாமலே இந்த வீடு நடக்கிறது, நடக்கும் என்ற திகிலும் இருந்தது. ஒரு கணமேனும் எல்லாரும் தம் பக்கம் திரும்பும்படி செய்துவிட்டார்.

இங்கேதான் மறையியல் பயின்ற ஒருவனுக்குச் சிக்கல் எழுகிறது. சாமநாது செய்தது பாவமா, நோயா? இன்றைய வழக்கில் எல்லாவற்றையும் நோயென்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லும்போது அந்தக் கிழவரை நாம் மனித நிலையிலிருந்தே இறக்கிவிடுகிறோம். பொறாமைப்படவும் பொய் சொல்லவும் அதற்காக வெட்கப்படவும் வல்லவராக ஜானகிராமன் அவரைப் படைத்திருக்கிறார். அந்த வெட்கத்தைப் பறிப்பது கருணை ஆகாது. மறுபுறம், முற்றிலும் பாவமென்று தீர்ப்பிட்டுப் பரிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தத் திகில் தீண்டப்படாமலே இருந்துவிடும். அடுத்த கல்யாணத்தில் வேறொன்று கவிழும். அச்சமும் பழக்கமும் உள்ளத்து நெருக்கடிகளும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் நீக்கவும் செய்யலாம் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. குறைக்கலாம் என்ற சொல்லில் இரு பக்கமும் இருக்கின்றன. நல்ல ஆன்ம குரு இரண்டையும் ஒருசேரக் காண்பார். நல்ல கதாசிரியரும் அப்படியே. இந்தக் கதையில் ஜானகிராமன் யாரையும் மன்னிக்கவுமில்லை, யாரையும் தண்டிக்கவுமில்லை.

முதியவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு மீண்டும் மீண்டும் வருவதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே கேட்டதை எழுத எந்தக் குருவுக்கும் உரிமையில்லை. ஆனால் வரலாற்றில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. குருக்களுக்கெல்லாம் ஒப்புரவு நெறியைக் கற்பித்தவர், பின்னாளில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களின் பாதுகாவலராகவே அறிவிக்கப்பட்டவர் புனித அல்போன்ஸ் மரிய லிகோரியார். அவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 1787-இல் பகானி நகரில் இறந்தார். இறப்பதற்கு முன், 1784, 1785 ஆண்டுகளில், அவரை ஆட்டிப்படைத்தது இறையன்பின் இனிமை அன்று. தாம் மீட்பு அடையமாட்டோமோ என்ற ஐயமும் மனச்சான்றின் ஓயாத நச்சரிப்பும். ஆயிரக்கணக்கானோரின் ஐயங்களைத் தீர்த்து வைத்தவர், தம் ஐயங்களோடு உடனிருந்த குருக்களை நாட வேண்டியிருந்தது. தம் நூல்களில் தாமே எழுதியிருந்த மருந்தை அவர்கள் திருப்பி அவருக்குச் சொன்னார்கள்: வழிகாட்டியின் வார்த்தைக்குக் கீழ்ப்படி. அவர் கீழ்ப்படிந்தார். புனிதர் வரலாறுகளைச் சுருக்கி வெளியிடும் நம் சிறு நூல்கள் இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. நம் பாட்டிமாருக்கு அற்புதங்களைவிட அதுதான் அதிகம் உதவும்.

நோயில் பூசுதல் என்னும் அருள்சாதனமும் இப்படி ஒரு சொல்லால் தடைப்பட்டுக் கிடந்தது. ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று முன்பு அழைத்தோம். அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் ஒப்பாரிக்கு ஆயத்தமாவார்கள். பயத்தில் தவிக்கும் முதியவர் குருவானவரை அழைக்க விரும்பினாலும், அழைத்தால் தமக்கு நாள் குறித்ததாகிவிடுமே என்று வாய் திறக்கமாட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அதன் பெயரையும் பொருளையும் திருத்தியது. 1972-இன் புதிய சடங்குமுறை, ஆபத்தான நோய் இல்லாவிடினும் முதுமையால் மிகவும் தளர்ந்தவர்கள் அதைப் பெறலாம் என்று தெளிவாக்கியது. இத்தனை ஆண்டுகள் கடந்தும் எத்தனை வீடுகளில் அது அறியப்பட்டிருக்கிறது?

இவ்விரு படைப்புகளுக்கும் எதிரே வைத்துப் பார்க்கத்தக்கது திருப்பாடல் 71. நரைத்த தலையோடு ஒருவர் தம்மைத் தள்ளிவிட வேண்டாம் என்று நேருக்கு நேராகக் கேட்கும் பாடல் இது. 2024-இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளின் கருப்பொருளும் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. இலக்கிய நோக்கில் இதைப் பார்த்தவர்கள் ஒரு குறையைச் சுட்டுவதுண்டு: இதில் புதுச்சொற்கள் குறைவு. தொடக்கம் ஏறத்தாழ முழுவதும் திருப்பாடல் 31-இன் தொடக்கமே. இடையிடையே 22, 35, 40 ஆகியவற்றின் எதிரொலிகள். பழைய பாடல்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டது போன்ற அமைப்பு. எனக்கோ அதுவே இப்பாடலின் உயிராகத் தோன்றுகிறது. முதியவர் வேறெப்படிக் கேட்பார்? சிறுவயதில் மனப்பாடம் செய்த சொற்கள்தாம் கடைசிவரை கைகொடுக்கின்றன. புதிய மொழிபெயர்ப்பு வந்தும் பழைய மந்திரங்களையே முணுமுணுக்கும் நம் பாட்டியைத் திருத்த முயல்வது வீண்வேலை. இன்னொரு செய்தி: இந்தப் பாடகர் ஆதரவு மட்டும் கேட்பதில்லை, வருகின்ற தலைமுறைக்கு இறைவனின் வல்லமையை எடுத்துரைக்கும் வரை காத்தருளும்படி வேண்டுகிறார். வேலை கேட்கிறார். லியர் பாரத்தை இறக்கிவைத்த அன்றே அச்சம் தொடங்கிற்று என்பதை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லா முதியவர்க்கும் பேச்சுத்துணைதான் வேண்டும் என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. புனித அகுஸ்தினார் 430-இல், வாண்டலர்கள் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், தம் எழுபத்தைந்தாம் வயதில் நோயுற்றார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார். மருத்துவர் வரும்போதும் உணவு வரும்போதும் தவிர யாரும் அறைக்குள் வரவேண்டாம் என்றார். படுத்தபடியே படித்துக் கண்ணீர் விட்டார் என்று அவருடைய சீடர் பொசிதியுஸ் எழுதியிருக்கிறார். அன்று அவரிடம் பத்துப் பேரை அனுப்பிக் கலகலப்பாக்கியிருந்தால் அது தொல்லையாகவே இருந்திருக்கும். அவர் கேட்டது தனிமை, கேட்டபடியே கொடுத்தார்கள்.

மீண்டும் லியருக்கு வருவோம். நான்காம் அங்கத்தின் இறுதியில், உறங்கி எழுந்து கார்டிலியாவைக் காணும்போதுதான் அவன் பேச்சு முதன்முறையாக எளிமையாகிறது. எண்பதுக்கு மேல் வயதான அறிவில்லாக் கிழவன் நான் என்கிறான். என் புத்தி சரியாக இல்லையோ என்று அஞ்சுகிறேன் என்கிறான். எள்ளிநகையாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். முதற்காட்சியில் போட்டியாக வந்த அதே வேண்டுதல் இது. உடை மட்டும் கழன்றுவிட்டது. இங்கு வந்துசேர அவனுக்கு நாடும் அறிவும் கண்ணுறக்கமும் விலையாயின. கார்டிலியாவும் மாறியிருக்கிறாள்: இம்முறை விளக்கம் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. மண்டியிட முயலும் தந்தையைத் தடுக்கிறாள். வருந்தக் காரணம் எதுவுமில்லை என்று சொல்லுகிறாள். அது உண்மையன்று. அவளுக்குக் காரணம் இருந்தது. உண்மை பேசுவதற்காக நாட்டை இழந்தவள் இங்கே அன்பின் பொருட்டு ஒரு பொய் சொல்லுகிறாள் என்பதைப் பல வாசகர்கள் கவனிப்பதில்லை.

நாடகத்தின் கடைசிப் பக்கத்தில், இறந்த மகளைக் கையில் தாங்கியிருக்கும் லியர், அருகில் நின்றவரிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறான். தன் உடையில் ஒரு பொத்தானைக் கழற்றிவிட வேண்டும் என்கிறான். யாரோ கழற்றிவிடுகிறார்கள். அவருக்கு நன்றி கூறுகிறான்.